வெங்கிஸ் கையில் பிளாக்பர்ன்: நம்ம நாட்டு முதலாளின்னா கேள்வி கேட்கக்கூடாதா?

குடியாத்தம் தறி:

நேத்து சத்துவாச்சாரி டர்ஃப்ல ஆடி முடிச்சுட்டு டீக்கடையில நின்னப்ப ஒரு வாக்குவாதம். பாதியில கரண்ட் போச்சு, எல்லாரும் கிளம்பிட்டாங்க. எனக்கு ராத்திரி முழுக்க மனசு ஆறலை. அதனால இங்க எழுதறேன்.

நண்பர் சொன்னது இது: "நம்மள ஆண்ட வெள்ளைக்காரன் ஊர்ல நம்மாளு போய் ஒரு கிளப்பை வாங்கியிருக்கான். சொந்தப் பணத்தைப் போட்டு நடத்துறான். அந்த ஊர்க்காரன் திட்டுனா புரியுது. நீ ஏன் கூட சேர்ந்து திட்டுற?"

அந்த கிளப், இங்கிலாந்துல இருக்கற பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்துக் கிளப். நான் ஏன் அதோட ரசிகன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க தாத்தா குடியாத்தத்துல லுங்கி நெய்தவர். பாவு, ஊடை, தார் சுத்துறதுன்னு இதுதான் வீட்டுப் பேச்சு. எட்டாவது படிக்கிறப்ப வரலாறு வாத்தியார் சொன்னார், ஒரு காலத்துல நம்ம ஆளுங்க கட்டின மில் வேட்டியெல்லாம் பிளாக்பர்ன்னு ஒரு ஊர்ல நெய்து கப்பல்ல வந்ததுன்னு. அந்த ஊர் மேல கோபம்தான் வந்திருக்கணும். ஆனா 1931-ல காந்தி அதுக்குப் பக்கத்து ஊரான டார்வெனுக்குப் போன படத்தைப் பார்த்தேன். நாம அவங்க துணியை வேணாம்னு சொன்னதால அடிபட்ட மில் தொழிலாளிங்க, அவரைச் சுத்தி நின்னு ஆரவாரம் பண்றாங்க. தறி ஓட்டுறவங்க கஷ்டம் தறி ஓட்டுறவங்களுக்குத் தெரியும். அன்னைக்குப் பிடிச்ச ஊர், அப்புறம் கிளப்பும் பிடிச்சுப்போச்சு.

சாதாரணக் கிளப் இல்லைங்க. 1875-ல ஆரம்பிச்சது. 1888-ல இங்கிலாந்து லீக் தொடங்கினப்ப இருந்த 12 கிளப்ல ஒண்ணு. எஃப்ஏ கோப்பை ஆறு தடவை. 1995-ல பிரீமியர் லீக் பட்டம், அதான் அங்க மேலடுக்கு லீக். இதை 2010 நவம்பர்ல புனேவோட வெங்கிஸ் கோழிக் குழுமம் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கிச்சு. வாங்கின மறு மாசமே மேனேஜர் சாம் அல்லார்டைஸை வெளியே அனுப்பினாங்க. அப்ப அணி 13-வது இடத்துல இருந்துச்சு. பதிலா வந்தவர் ஸ்டீவ் கீன், மேனேஜரா அதுக்கு முன்னாடி அனுபவம் இல்லாதவர். 2012 மே 7, விகன்கிட்ட சொந்த மைதானத்துல 1-0 தோல்வி, பிரீமியர் லீக்கை விட்டு இறக்கம். அதே சீசன்ல ஆட்டக்காரங்களைக் கோழி சாப்பிட வெச்சு ஒரு விளம்பரம் வேற எடுத்திருந்தாங்க. ஆத்திரப்பட்ட ரசிகர்கள் அன்னைக்கு உயிர்க்கோழியையே மைதானத்துக்குள்ள விட்டாங்க.

அடுத்த சீசன்ல கீன் போனார், பதிலா வந்த மேனேஜருங்க ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். 2017-ல மூணாம் அடுக்குக்கே போயிட்டோம். பிரீமியர் லீக் பட்டம் வாங்கின ஒரு கிளப் அந்த அளவுக்கு இறங்கினது அதுவரை நடக்காத ஒண்ணு.

முதலாளி எந்த நாட்டுக்காரர்ங்கறது எனக்குப் பிரச்சினை இல்லை. வாங்கினவங்க அதைப் பார்த்துக்கலைங்கறதுதான் என் வருத்தம். நீங்க என்ன நினைக்கிறீங்க?


காட்பாடி ஜங்ஷன்:

அண்ணே, மான்செஸ்டர் யுனைடெட் ரசிகனா ஒண்ணு கேக்கறேன். உங்க முதலாளியை எங்களுக்குக் கொடுத்துடறீங்களா?

எங்க கதையைக் கேளுங்க. அமெரிக்காவோட கிளேசர் குடும்பம் 2005-ல யுனைடெட்டை வாங்கினப்ப கிளப்புக்குக் கடன்னு ஒண்ணு இல்லை. அவங்க வாங்கின கடனை கிளப் தலையிலேயே கட்டினாங்க. கட்டுற பெண்ணோட நகையை அடகு வெச்சு அதே பெண்ணுக்குத் தாலி வாங்கின மாதிரி. அன்னையில இருந்து ரசிகன் டிக்கெட்டுக்குக் கொடுக்கற காசு வட்டிக்குப் போகுது. அதுக்கு மேல பல வருஷம் டிவிடெண்டும் எடுத்துக்கிட்டாங்க. 2013-ல மேனேஜர் ஃபெர்குசன் போனப்புறம் லீக் பட்டமே இல்லை. 2024 பிப்ரவரியில தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால்பங்கு வாங்கி உள்ள வந்தார். நல்ல காலம்னு நினைச்சோம். நூத்துக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போச்சு, குழந்தைக்கும் பென்ஷன்காரருக்கும் சேர்த்து சீசன் நடுவுல டிக்கெட்டை 66 பவுண்டு ஆக்கினாங்க, 2024-25 சீசனை 15-வது இடத்துல முடிச்சோம்.

வெங்கிஸ் பணத்தை உள்ள போடறாங்க. எங்காளுங்க வெளிய எடுக்கறாங்க. ரெண்டும் ஒண்ணா?


முட்டை வண்டி:

காட்பாடி தம்பி சரியான இடத்துல கை வெச்சுட்டார். நான் பதினஞ்சு வருசமா முட்டை லோடு ஓட்டறவன். நாமக்கல்ல ஏத்தி வேலூர், ஆரணி, செய்யாறுன்னு இறக்குவேன். கால்பந்து எனக்கு அப்புறம்தான். ஆனா இந்தக் குடும்பத்தைப் பத்தித் தெரியாம பேசிகினு இருக்கீங்களேன்னுதான் எழுதறேன்.

பி.வி. ராவ் யாருன்னு தெரியுமா? முட்டைக்கு விலை சொல்ற உரிமை வியாபாரி கையில இருந்தப்ப, பண்ணைக்காரங்களை ஒண்ணு சேர்த்து 1982-ல என்இசிசி, அதான் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, உண்டாக்குனவர். இன்னைக்கும் காலைல நான் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கறது அந்த விலையத்தான். நாமக்கல் பண்ணைங்கள்ல பாதிக்கு மேல, என் கண்ணுல பட்ட வரைக்கும், அவங்க பிவி 300 ரக முட்டைக்கோழிதான். அவரு பொண்ணும் பசங்களும்தான் பிளாக்பர்னை வாங்கினது. ஒண்ணும் தெரியாத பசங்கன்னு எழுதறது தப்பு.

அடுத்தது, 20 கோடி பவுண்டுக்கு மேல இதுவரைக்கும் அந்த கிளப்புல இறக்கியிருக்காங்க. நம்ம காசுல ரெண்டாயிரம் கோடிக்கு மேல. ஒரு பைசா திரும்பல. பக்கத்துலயே பாருங்க. 1894-லேர்ந்து லீக்ல இருந்த பரி கிளப்பை 2019 ஆகஸ்ட்ல வெளிய தள்ளிட்டாங்க, முதலாளிகிட்ட காசு இருக்குன்னு காட்ட முடியல. அதே வருசம் போல்டன் திவால் நிர்வாகத்துக்குப் போச்சு. அடுத்த வருசம் விகன். மூணுமே உங்க பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊருதான? உங்க கிளப்பு இன்னும் கதவு தொறந்து இருக்குதுன்னா எவன் காசுல?

2023-லேர்ந்து பணம் சரியா போவலன்னு சொல்வீங்க. அமலாக்கத் துறை விசாரணை ஒண்ணு இருக்கறதால, டெல்லி ஹைகோர்ட்ல அனுமதி வாங்கிதான் அனுப்ப முடியும்னு ஆயிடுச்சு. அனுப்பற அளவுக்கு இங்க உத்தரவாதமும் கட்ட வேண்டியிருந்துச்சு. அப்படியும் போய் மனு போட்டு அனுப்புனாங்க. நடுவுல உட்டுட்டு ஓடலையே.


குடியாத்தம் தறி:

அண்ணே, பி.வி. ராவ் பத்தி நீங்க சொன்னது எனக்குப் புது விஷயம். நன்றி. பணம் போட்டதை நான் மறுக்கவே இல்லை. மேல எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பாருங்க.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்த என்இசிசி எப்படி ஜெயிச்சுது? பண்ணைக்காரங்களைக் கூட்டி உட்கார வெச்சுப் பேசினதாலதானே? அதே குடும்பம் பிளாக்பர்ன்ல யாரைக் கூட்டிப் பேசிச்சு?


பிடி மாஸ்டர்:

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் நான். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளிலிருந்து பிள்ளைகளைக் கால்பந்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். இந்த இழையில் ஜாக் வாக்கரின் பெயர் இதுவரை வராதது வியப்பு. அவரைச் சொல்லாமல் பிளாக்பர்னில் எந்த முதலாளியையும் எடை போட முடியாது.

வாக்கர் அதே ஊரில் பிறந்தவர். எஃகு வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்து, அதை விற்ற பிறகு 1991-இல் தான் சிறுவயதிலிருந்து பார்த்த கிளப்பைக் கையில் எடுத்தார். அப்போது அணி இரண்டாம் அடுக்கில் திணறிக்கொண்டிருந்தது. கென்னி டால்கிலிஷை மேனேஜராக அழைத்து வந்தார். 1992-இல் மேலே ஏறினார்கள். அதே ஆண்டு கோல் அடிக்கும் ஆலன் ஷியரரை 30 லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள், அன்றைக்கு அது நாட்டிலேயே சாதனைத் தொகை. மூன்றே சீசனில் பட்டம். கடைசி நாள் லிவர்பூலில் 2-1 என்று தோற்றும், அதே நேரத்தில் வெஸ்ட் ஹாமில் யுனைடெட் 1-1 என்று முடித்ததால் கோப்பை வந்தது. காட்பாடித் தம்பிக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு மறுநாள் நாளிதழில் அந்தப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பள்ளித் தகவல் பலகையில் ஒட்டி வைத்தேன்.

ஆனால் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். வாக்கர் உயிரோடு இருக்கும்போதே, 1999-இல், பட்டம் வென்று நான்கே ஆண்டில் அணி கீழே இறங்கியது. உள்ளூர்க்காரர், பாசமுள்ளவர், பணக்காரர், எல்லாம் இருந்தும் இறங்கியது. 2000-இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு அணி மீண்டும் மேலே வந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் குடும்ப அறக்கட்டளை பத்து ஆண்டுகள் வைத்திருந்து, இனி முடியாது என்று வாங்குபவரைத் தேடியது. வெங்கிஸ் அங்கே வலிய நுழையவில்லை. விற்பனைக்கு வைத்ததை வாங்கினார்கள். விற்றவர்கள் யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்த்தார்களா என்ற கேள்வியும் உண்டு.

ஆகவே இறங்கியதற்காக மட்டும் ஒரு முதலாளியைக் குற்றம் சொல்ல மாட்டேன். 1999-இல் இறங்கியபோது ஊர் வாக்கரைத் திட்டவில்லை. 2012-இல் திட்டியது. ஏன் என்று யோசியுங்கள். வாக்கர் ஆட்டங்களுக்கு வந்து, தோற்றாலும் அங்கேயே உட்கார்ந்திருந்த மனிதர். மைதானத்துக்கு வெளியே இன்று அவர் சிலை நிற்கிறது.


கோட்டை அகழி:

மாஸ்டர், வணக்கம். நீங்க சொன்னதுல ஒரு பகுதி என்னால ஏத்துக்க முடியலை.

வாக்கரைத் திட்டாததுக்கு அவர் வந்து உட்கார்ந்ததுதான் காரணமா? அவரு அந்த ஊர்க்காரரு, வெள்ளைக்காரரு. அதுவும் ஒரு காரணம் இல்லையா? 2011, 2012-ல அந்த மைதானத்துலயும் இணையத்துலயும் வந்த வார்த்தைகள்ல எத்தனை "கோழிக்காரன்", "இந்தியாவுக்கே போ" ரகம்னு பாருங்க. அமெரிக்கக்காரனைத் திட்டுறப்ப அவன் கடனைப் பத்திப் பேசுறாங்க. இந்தியனைத் திட்டுறப்ப அவன் தொழிலைக் கேலி பண்றாங்க. கோழி விக்கிறது கேவலமா? எங்கப்பா மண்டித் தெருவுல கறிக்கடை வெச்சிருந்தார். அந்தக் கோழியை மைதானத்துல விட்ட படத்தைப் பார்த்தப்ப எனக்குச் சிரிப்பு வரலை.

நிர்வாகம் மோசம். அதை மூணு பக்கத்துக்கு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். ஆனா அந்தக் கேலியை நாம இங்க தமிழ்ல திரும்பச் சொல்ல வேண்டாம்.


குடியாத்தம் தறி:

கோழிக் கதையை நான் மேல எழுதினது கேலிக்கு இல்லை. ஆனாலும் நீங்க சொன்னப்புறம் திரும்பப் படிச்சேன், உங்களுக்கு வலிச்சிருக்கும்னு புரியுது. மன்னிச்சிடுங்க அண்ணே.


ஆம்பூர் ஏழு:

நான் ஷூ கம்பெனியில டெஸ்பாட்ச் பாக்கறேன். முதலாளி எங்க இருக்கார்ங்கறதை விட, அவர் இல்லாதப்ப முடிவு எடுக்க இங்க யார் இருக்காங்கன்னுதான் நான் பார்ப்பேன். ஜெர்மனிக்காரன் ஆர்டர் கொடுத்துட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆம்பூருக்கு வருவான். ஆனா லைன் நிக்காது. ஏன்னா கையெழுத்துப் போடுற அதிகாரம் உள்ள ஆள் லைன் பக்கத்துலயே நிக்கிறார்.

பிளாக்பர்ன்ல அது இல்லைங்கறதுக்கு ரெண்டு உதாரணம் போதும். 2023 ஜனவரிக் கடைசி நாள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்லேர்ந்து லூயிஸ் ஓ'பிரையன்னு ஒரு நடுக்கள ஆட்டக்காரரைத் தற்காலிகமா கடனா எடுக்கறாங்க. பேப்பர் நேரத்துக்குப் போய்ச் சேரலை. பதிவு கிடையாதுன்னுட்டாங்க. அந்த சீசன் பிளாக்பர்ன் 69 புள்ளி எடுத்து 7-வது இடம். 6-வது வந்த சண்டர்லாண்டும் 69 புள்ளிதான். மேலடுக்குக்குப் போக ஆடுற பிளேஆஃப் சுற்று கோல் வித்தியாசத்துல கைவிட்டுப் போச்சு. அந்த ஒரு ஆட்டக்காரர் இருந்திருந்தா ஒரே ஒரு டிரா கூடுதலா வந்திருக்காதா?

சரி, ஒரு தடவை தப்பு நடக்கும். அடுத்த வருஷம், ஆட்டக்காரங்களை வாங்க அனுமதிக்கிற அதே குளிர்காலக் கெடுவுல, டங்கன் மெக்குவையரை அமெரிக்காவுலேர்ந்து வரவழைச்சு, மறுபடியும் பேப்பர் சரியாப் போகாம அவரும் பதிவு ஆகலை!

எங்க கிட்ட கன்டெய்னர் கட்-ஆஃப் ஒரு தடவை தவறிச்சுன்னா அடுத்த தடவை ஒரு நாள் முன்னாடியே துறைமுகத்துல வண்டி நிக்கும். அப்படி நிக்க வைக்கிறதுக்குப் பேர்தான் நிர்வாகம். அதுக்கு 20 கோடி பவுண்டு வேண்டாம்.


பாகாயம் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையை என் தம்பி அனுப்பினான். நான் வேலூர்ல நர்சிங் படிச்சவ. இப்ப பிளாக்பர்ன்ல வேலை, வந்து நாலு வருஷம் ஆகுது. கால்பந்து எனக்கு அவ்வளவா தெரியாது. ஆனா இந்த ஊர் தெரியும், அதனால எழுதலாம்னு தோணிச்சு.

நான் வார்டுல சேர்ந்த முதல் வாரமே, வயசான ஒருத்தர் என் பேட்ஜைப் பார்த்துட்டு இந்தியாவான்னு கேட்டார். ஆமான்னேன். புனேவான்னார். இல்லைங்க, அதுக்கும் எங்க ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரு நாள் ரயில் பயணம்னேன். அப்புறம்தான் எனக்கு வெங்கிஸ் கதையே தெரிஞ்சுது. அவர் என்னைத் திட்டலை. "என்னைக்காவது அவங்களைப் பார்த்தா, ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லும்மா" அப்படின்னார். இதே மாதிரி இதுவரைக்கும் மூணு நாலு பேர் சொல்லிட்டாங்க. பல வருஷமா அவங்க மைதானத்துக்கே வரலைங்கறதுதான் இங்க எல்லாருக்கும் மனசுல உறுத்துது. தோத்ததைக் கூட அவ்வளவு பேசறதில்லை.

கோட்டை அகழி தம்பி சொன்ன அசிங்கமான பேச்சும் உண்டு, நானே பஸ்ல கேட்டிருக்கேன். இந்த ஊர்ல குஜராத்தி, பாகிஸ்தானிக் குடும்பங்க ரெண்டு மூணு தலைமுறையா இருக்காங்க. மில் வேலைக்கு வந்தவங்க. அவங்க பிள்ளைங்களும் இந்த நீல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போறாங்க. ஒரு குஜராத்தி அம்மா என்கிட்ட சொன்னாங்க, 2010-ல வெங்கிஸ் வாங்கினப்ப எங்க தெருவே பெருமைப்பட்டுச்சுன்னு. நம்மளைப் போல ஒருத்தர் மேடை மேல ஏறிட்டாங்கன்னு. அப்புறம் அந்தப் பெருமையே பசங்களுக்குப் பள்ளிக்கூடத்துல கேலியா திரும்பிச்சாம். வெங்கிஸ் வந்து நின்னிருந்தா அதைத் தாங்கிக்க ஒரு பலம் இருந்திருக்கும்னு சொன்னாங்க. எனக்கு அது ரொம்ப நாள் மனசுலயே இருந்துச்சு.

இன்னொண்ணு. இங்க யாரும் பெண்கள் அணியைப் பத்திப் பேசலை. எல்லா டூன், ஜார்ஜியா ஸ்டான்வே, கெய்ரா வால்ஷ், இங்கிலாந்துக்காக ஐரோப்பியக் கோப்பை ஜெயிச்ச இந்த மூணு பேரும் பிளாக்பர்ன்ல ஆடி வளர்ந்தவங்க. 2025-ல அந்தப் பெண்கள் அணியை ரெண்டாம் அடுக்குலேர்ந்து கிளப்பே விலக்கிக்கிச்சு. அந்த அடுக்குக்குக் கேக்கற வசதிகளுக்குச் செலவு பண்ண முடியாதுன்னு. ஆண்கள் அணியில ஒரு ஆட்டக்காரருக்குக் கொடுக்கறதை நினைச்சா அது எவ்வளவு பெரிய தொகையா இருந்திருக்கும்? என்கூட வேலை செய்யற ஒருத்தியோட பொண்ணு கால்பந்து விளையாடறா. அன்னைக்கு அவ அழுதுட்டே டியூட்டிக்கு வந்தா.

பணம் போடறாங்கன்னு முட்டை வண்டி அண்ணன் சொல்றது இங்கயும் நிறைய பேர் சொல்றதுதான். வெங்கிஸ் போயிட்டா அடுத்து யாரோன்னு பயப்படறவங்களும் உண்டு.


முட்டை வண்டி:

தங்கச்சி, நீங்க எழுதனதை வண்டி ஓரமா நிறுத்திட்டு ரெண்டு வாட்டி படிச்சேன்.

அந்தப் பொண்ணுங்க விசயம் எனக்குத் தெரியாது. அது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வந்து நிக்கலைங்கறதும் சரிதான். ஒரு பண்ணையில நோய் உழுந்துடுச்சுன்னா ஓனரு நேரா வந்து ஷெட்டுக்குள்ள போயி நிப்பாரு. சூபர்வைசர் போன்ல சொன்னது போதும்னு இருந்தா பண்ணை காலி.

ஆனா ஒண்ணு, விக்கணும் விக்கணும்னு சொல்றீங்களே, யாருக்கு? ரெண்டாம் அடுக்குல பாதி கிளப்புக்கு வரவை விடச் சம்பளச் செலவு அதிகம். வருசா வருசம் ஓனரு பையில கை விட்டாத்தான் ஓடும். இவங்க வித்துட்டு, காட்பாடி தம்பி சொன்ன மாதிரி கடனைத் தலையில கட்டறவன் வந்தா? பக்கத்துல பர்ன்லியை 2020 கடைசியில அமெரிக்கக்காரங்க அப்படிதான வாங்குனாங்க?


காட்பாடி ஜங்ஷன்:

அது உண்மை. நம்ம வீட்டுப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கு. 2018-19-ல இந்தியாவோட ஐ-லீக் பட்டம் வாங்கின சென்னை சிட்டி எஃப்சி. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல ஆடினாங்க. 2019-ல சுவிட்சர்லாந்து எஃப்சி பாசல் 26 சதவீதம் வாங்கினாங்க. அகாடமி வரும், ஐரோப்பாவுக்கு நம்ம பசங்க போவாங்கன்னு நான் எவ்வளவு நம்பினேன் தெரியுமா? இன்னைக்கு அந்த கிளப்பே களத்துல இல்லை. அங்க முதலாளி தமிழ்நாட்டுக்காரர், கூட்டாளி சுவிஸ். ரெண்டு பேர் இருந்தும் காப்பாத்த முடியலை. நாம யாராவது இதைக் கேள்வி கேட்டோமா? ஒரு பதாகை பிடிச்சோமா? பிளாக்பர்ன்காரங்க பதினஞ்சு வருஷமா கத்திட்டு இருக்காங்க. அதனாலதான் அவங்களுக்கு இன்னும் கிளப்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கு இப்ப தோணுது.


பிடி மாஸ்டர்:

ஜெர்மனியில் 50+1 என்று ஒரு விதி. பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும்; எவ்வளவு பணம் கொண்டு வந்தாலும் தனி ஒருவர் முழு முடிவு எடுக்க முடியாது. இங்கிலாந்தில் 2025 ஜூலையில்தான் கால்பந்துக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கும் சட்டம் வந்தது. வாங்க வருபவரைச் சோதிப்பதும் அதன் வேலை. 2010-இல் அது இருந்திருந்தால், "மேனேஜரை மாற்றப் போகிறீர்களா, யார் ஆலோசனையில்?" என்று கையெழுத்துக்கு முன்பே யாராவது கேட்டிருப்பார்கள்.


ஆம்பூர் ஏழு:

2025 பிப்ரவரியில பிளாக்பர்ன் மேனேஜர் ஜான் யூஸ்டேஸ் போனதை விட்டுட்டோம். அணி பிளேஆஃப் இடத்துல இருக்கறப்ப, இறங்குற இடத்துல இருந்த டார்பி கிளப்புக்கு அவர் போறார்னா, உள்ள எப்படி இருந்திருக்கும்? அந்த சீசனும் 7-வதுதான்.


குடியாத்தம் தறி:

எல்லாருக்கும் நன்றி. டீக்கடை நண்பரும் படிச்சுட்டார். "சரிப்பா, திட்டு, ஆனா கோழின்னு சொல்லாத"ன்னு மெசேஜ் அனுப்பினார்.

முட்டை வண்டி அண்ணே, நாளைக்கே வித்துட்டுப் போங்கன்னு இனி நான் சொல்ல மாட்டேன், நீங்க கேட்ட "யாருக்கு"ங்கற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. முடிவெடுக்கற அதிகாரத்தோட ஒரு ஆளை அந்த ஊர்லயே உட்கார வைக்கணும், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது குடும்பத்துல ஒருத்தர் வந்து ரசிகர்கள் முன்னாடி நிக்கணும். இந்த ரெண்டையும் ஆங்கிலத்துல ஒரு கடிதமா எழுதி புனே அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பலாம்னு இருக்கேன். மாஸ்டர் ஒரு தடவை திருத்திக் கொடுத்தா நல்லாயிருக்கும். இந்தியாவுலேர்ந்தும் அவங்களைக் கேக்க ஆள் இருக்குன்னு தெரியட்டும்.

அக்கா, நீங்க எப்பவாவது கிளப்போட மைதானம் ஈவுட் பார்க் போனா ரிவர்சைட் ஸ்டாண்டை ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களா? வாக்கர் புதுசா கட்டாம விட்டது அது ஒண்ணுதான்னு படிச்சிருக்கேன். டார்வென் ஆத்துப் பக்கம்.


பாகாயம் அக்கா:

சனிக்கிழமை எனக்கு நைட் டியூட்டிதான் தம்பி, ஆட்டம் மூணு மணிக்கு. உங்களுக்கு ராத்திரி எட்டரை. டிக்கெட் எடுத்தாச்சு, அந்தக் குஜராத்தி அம்மாவும் வராங்க. படம் அனுப்பறேன். கடிதத்துல என் பேரையும் சேர்த்துக்கோங்க.


பிடி மாஸ்டர்:

அனுப்புங்கள், இன்றிரவே திருத்தித் தருகிறேன். கடிதத்தின் முதல் வரியில் அவர்கள் தந்தையைப் பற்றி எழுதுங்கள்.